முதலில் பஸ்ஸில் ஏறுங்கள்

என் வேலைக்கு உலை வைத்தவரைப் பற்றி நானே உட்கார்ந்து எழுதுவது கொஞ்சம் அசட்டுத்தனம்தான். ஆனால் பதினொரு வருஷம் அவரைத் தினமும் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அந்த உரிமை உண்டு. பொய்யாகப் புகழ மாட்டேன், பொய்யாகத் திட்டவும் மாட்டேன். உண்மையாகத் திட்டுவதற்கே வேண்டிய அளவு இருக்கிறது.

எங்கள் பள்ளியின் அலுவலகம் என்பது ஒரு சின்ன அறை. ஒரு இரும்பு அலமாரி, ஒரு மேசை, ஒரு கால் குட்டையான நாற்காலி, வராந்தாவைப் பார்த்த ஒரு கம்பி போட்ட ஜன்னல். ஜன்னலுக்கு மேலே 'விசாரணை' என்று ஒரு பலகை. அதன் பின்னால் உட்கார்ந்திருக்கும் எழுத்தருக்கு அதுவே பெயராகிவிட்டது. பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் அவர் விசாரணை அக்கா. அவர் கணவர் பால் வண்டி ஓட்டுகிறவர். "உங்களுக்கு நாலு மணிக்கு விசாரணை முடிஞ்சிடுது சார், எனக்கு அப்பதான் ஆரம்பம்" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். ஒரே நகைச்சுவையைப் பதினொரு வருஷம் சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

அக்காவின் முதுகுக்குப் பின்னால் சுவரில் வட்டாரத்தின் பெரிய வரைபடம் ஒன்று தொங்கும். அதில் குண்டூசிகள். ஒரு ஊசி ஒரு பிள்ளை. எந்த வீட்டுப் பிள்ளை எந்த வளைவில் பஸ் ஏறுகிறது, எந்தப் பாலம் மழையில் மூழ்கும், எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

கொஞ்ச வருஷங்களாக எங்கள் பக்கம் பட்டணத்துக் குடும்பங்கள் குடிவர ஆரம்பித்திருந்தன. காற்றாலையில் வேலை, குளிர்பதனக் கிடங்கில் வேலை, கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தபடியே வேலை என்று ஆளுக்கொரு காரணம். பாதிப் பேர் முதலில் வீட்டைப் பிடித்துவிட்டுப் பிறகு பள்ளியைத் தேடுவார்கள். செருப்பை வாங்கிவிட்டுக் காலைத் தேடுகிற கதை. வந்ததும் மைதானத்து மரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். பிறகு ஜன்னலில் தலையை நுழைத்து, நீச்சல் குளம் இருக்கிறதா என்று கேட்பார்கள்.

"மழை பெஞ்சா மைதானமே குளம்தான். ரெண்டு மாசம் இருக்கும்" என்பார் அக்கா.

அடுத்து நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லி, வரைபடத்தில் ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு ஆரம்பிப்பார். எனக்கு அந்தப் பேச்சு தூக்கத்தில்கூட வரும்.

"நாலு வழி இருக்கு. ஒண்ணு, இந்தப் பள்ளிக்கூடம். எட்டாவது வரைக்கும். ஒரு ரூம்ல ரெண்டு மூணு கிளாஸ் சேர்ந்து உட்காரும். ரெண்டு, டவுன் பள்ளிக்கூடம். லேப் இருக்கு, லைப்ரரி இருக்கு, கூட்டமும் இருக்கு. பஸ்ல ஒரு மணி பத்து நிமிஷம். மூணு, ஹாஸ்டல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்டிட்டு வரலாம், ஞாயித்துக்கிழமை அழ அழக் கொண்டு போய் விடணும்."

"ரொம்ப அழுவாங்களா?"

"பிள்ளைங்க ரெண்டு வாரம் அழுவாங்க. நீங்க ஒரு வருஷம் அழுவீங்க. நாலாவது, வீட்லயே வெச்சுச் சொல்லிக் கொடுக்கறது. அதுக்கு எழுதிக் கொடுக்கற ஃபாரம் எங்கிட்டயே இருக்கு. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை நீங்க ரெண்டு பேரும் கத்தாம பின்னக் கணக்கு சொல்லிக் கொடுக்க முடியுதான்னு பாருங்க."

எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று யாராவது கேட்டால் பதில் வராது. ஒரு கட்டளைதான் வரும்.

"முதல்ல பஸ்ல ஏறுங்க. பிள்ளையோட சேர்ந்து ஏறுங்க. வேலை நாள்ல, காலையில போய் சாயங்காலம் வாங்க. அப்புறம் பேசலாம்."

டவுன் பள்ளி வேண்டாம் என்கிறவர்களும் ஏறித்தான் ஆகவேண்டும். எதை வேண்டாம் என்கிறோம் என்று தெரியவேண்டாமா என்பார். பளபளக்கும் ஷூ போட்ட ஒருவர், நாங்கள் காரிலேயே கொண்டு விட்டுக்கொள்வோம் என்றார். "முதல் மாசம் கார், ரெண்டாவது மாசம் சண்டை, மூணாவது மாசம் பஸ்" என்றார் அக்கா. அந்த ஷூவை நான் மூன்றாவது மாதம் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன்.

இன்னொரு வழக்கமும் அவரிடம் உண்டு. நீளமான ஒரு நோட்டு. ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம். தான் என்ன சொன்னோம், அவர்கள் என்ன முடிவெடுத்தார்கள் என்பது மேல் பாதியில். கீழ்ப் பாதி காலி. சரியாக ஒரு வருஷம் கழித்து, அதே தேதியில் அந்தக் குடும்பத்துக்குப் போன் செய்வார். "விசாரணை ஜன்னல்லேர்ந்து பேசறேன். வருஷம் ஆச்சு. நான் உங்களுக்குத் தப்பா சொல்லிட்டேனா?" அவர்கள் சொல்வதை வார்த்தை மாறாமல் கீழ்ப் பாதியில் எழுதுவார். சிலர் வாழ்த்துவார்கள். சிலர் வாங்கு வாங்கென்று வாங்குவார்கள். அதையும் எழுதுவார். திட்டுகிறவர் வேகமாகப் பேசினால், "கொஞ்சம் மெதுவா" என்று கேட்டு எழுதுவார். அரசாங்கம் இதைச் செய்யச் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை.

பிறக்கும்போதே அரிச்சந்திரன் பரம்பரை என்று நினைத்துவிட வேண்டாம். நான் சேர்ந்த புதிதில் அவரும் எல்லோரையும் போல ஆள் பிடிக்கிறவர்தான். நன்றாகவே பிடிப்பார்.

எங்கள் பள்ளிக்கு ஒரு தலைவலி உண்டு. வருஷம் ஒருமுறை கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து தலைகளை எண்ணுவார். முப்பது தலை இருந்தால் ஆறு, ஏழு, எட்டு வகுப்புகள் எங்களுக்கு. ஒன்று குறைந்தாலும் அந்த மூன்று வகுப்புகளும் டவுனுக்கு. அந்த மூன்று வகுப்புகளுக்கும் ஒரே ஆசிரியர் நான். ஆக, முப்பதாவது தலை என்பது ஒருவிதத்தில் என் தலை.

நான் சேர்ந்து இரண்டாவது வருஷம் ஒரு தலை குறைந்தது. அப்போது ஒரு கால்நடை மருத்துவர் குடும்பத்தோடு மாற்றலாகி வந்தார். ஆறாம் வகுப்புக்கு ஒரு பெண். ஆறாம் வகுப்பில் வேறு பிள்ளைகளே இல்லை. அக்கா சளைக்கவில்லை. "ஒரு கிளாஸுக்கு ஒரே பிள்ளைன்னா டியூஷன் மாதிரிங்க. பட்டணத்துல காசு கொடுத்தாலும் கிடைக்காது" என்றார். டாக்டரின் மனைவி, எங்களுக்கு டாக்டரம்மா, மயங்கிவிட்டார். முப்பது தலை சேர்ந்தது. என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

அந்தப் பெண்ணுக்குப் பாடம் நடத்துவது எனக்குச் சொர்க்கம். ஒன்று சொன்னால் பத்தைப் பிடித்துக்கொள்வாள். முதல் ரேங்க் அவள்தான். கடைசி ரேங்கும் அவள்தான் என்று நான் வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வேன். ஏழிலும் எட்டிலும் இருந்தவர்கள் எல்லாம் பையன்கள். மணி அடித்தால் பந்தைத் தவிர வேறு எதுவும் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு இடைவேளையே வேறு நேரம்.

அவளிடம் ஒரு நீளக் கயிறு இருந்தது. இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்துச் சுற்ற, மூன்றாவது ஆள் நடுவில் குதிப்பார்களே, அந்தக் கயிறு. பழைய பள்ளியிலிருந்து கொண்டுவந்தது. இடைவேளையில் ஒரு முனையை விசாரணை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, மறுமுனையை அவள் பிடித்துச் சுற்றுவாள். சுற்றுகிறவள் குதிக்க முடியாது. அவள் வெறுமனே சுற்றிக்கொண்டே இருப்பாள். மணி அடித்ததும் அவிழ்த்துச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, என் வகுப்புக்கு வந்து நல்ல பெண்ணாக உட்காருவாள்.

என் வகுப்பு ஜன்னலும் அந்த மைதானத்தைப் பார்த்ததுதான். நானும் தினமும் பார்த்தேன். குழந்தை விளையாடுகிறது என்று நினைத்தேன். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அக்காவின் மேசைக்கு எதிரே ஜன்னல் கம்பி தட்தட்டென்று அதிர்ந்துகொண்டே இருக்கும். மூன்று வாரம் பொறுத்தார். ஒரு நாள் எழுந்து வெளியே போய், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடுவில் நின்று குதித்தார். வயது நாற்பது, எடை நான் சொல்ல மாட்டேன். நாலாவது குதியில் கணுக்கால் பிசகி உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதற்கு முன் அவள் சிரித்து நான் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இரண்டு வருஷத்தில் டாக்டர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். சான்றிதழ் வாங்க வந்த டாக்டரம்மா, ஜன்னலில் நின்றபடி ஒன்றே ஒன்று சொன்னார். "இங்க வர்றதுக்கு முன்னாடி இவ நிறையப் பேசுவா." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அக்கா அன்றைக்கே அந்த நீள நோட்டை வாங்கினார். முதல் பக்கத்தின் கீழ்ப் பாதியில் அந்த ஒரு வரி இருக்கிறது. மேல் பாதியில், 'டியூஷன் மாதிரி என்று சொன்னேன்' என்று இருக்கிறது.

இனி, என் கதைக்கு வருகிறேன்.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் எங்களிடம் இருந்தவை இருபத்தொன்பது தலைகள். ஐந்தாம் வகுப்பு முடித்த இரண்டு பிள்ளைகளும் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்விட்டதால் ஆறாம் வகுப்பு காலி. ஏழிலும் எட்டிலும் சேர்த்து ஏழு பையன்கள். எண்ணும் நாளுக்குப் பத்து நாள் இருந்தபோது, காற்றாலைப் பொறியாளர் ஒருவர் வியாழக்கிழமை பள்ளியைப் பார்க்க வருவதாகப் போன் செய்தார். அவர் மனைவி வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போடுகிறவர். ஒரே பெண். ஆறாம் வகுப்பு.

தலைமையாசிரியை அக்காவிடம் நயமாகச் சொல்லிப் பார்த்தார். பலிக்கவில்லை. புதன்கிழமை சாயங்காலம் நான் போய் ஜன்னலில் நின்றேன்.

"அக்கா, நாளைக்கு ஒரு நாள் அந்த நாலு வழியில மூணு வழியை மறந்துடுங்க."

"மறக்கற வயசு வந்தா சொல்றேன் சார்."

"ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணமே பண்றாங்க. ஒரு பொய் சொல்லி ஒரு அட்மிஷன் போடக் கூடாதா?"

"கல்யாணம் பண்ணினவங்களையே ஒரு வருஷம் கழிச்சுக் கேட்டுப் பாருங்க சார்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "பொய்கூட வேண்டாம்க்கா. கிளாஸ்ல எத்தனை பேருன்னு கேட்டா, மூணு கிளாஸும் சேர்ந்து உட்காரும், எட்டுப் பேருன்னு சொல்லுங்க. அது உண்மைதானே?"

"உண்மைதான். டியூஷன் மாதிரின்னு சொன்னேனே, அதுவும் உண்மைதான்."

"சரி, என்னை விடுங்க. அந்த ஏழு பையன்களை நினைச்சுப் பாருங்க. இப்ப நடந்து வர்றாங்க. இதை மூடினா ஏழு பேரும் தினமும் ரெண்டே கால் மணி நேரத்துக்கு மேல பஸ்ல குலுங்கணும். ஒருத்திக்காக ஏழு பேரா?"

அக்கா பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தார். பென்சில் ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது.

"அதை நினைச்சாத்தான் சார் தூக்கம் வரல. அந்த ஏழு வீட்டுக்கும் நான் போய்ச் சொல்றேன், திட்டினா வாங்கிக்கறேன். ஆனா அந்தப் பொண்ணுகிட்ட மறைச்சு அவளைக் கொண்டுவந்து ஜன்னல் கம்பியில கட்ட என்னால முடியாது."

மூன்று வகுப்புகள் போனால் அவர் வேலையும் பாதிநாள் வேலையாகச் சுருங்கிவிடும். அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அப்படிச் சொல்லும் அரசாங்கச் சுற்றறிக்கையை எனக்குப் படித்துக் காட்டியவரே அவர்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை அவர்கள் வந்தபோது நான் அலமாரியில் இல்லாத ஒரு கோப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பெண்ணின் அம்மாவுக்கு மைதானத்து மரம் பிடித்துவிட்டது. "எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க" என்றார். வீட்டிலிருந்து நடந்து வர ஆறு நிமிஷம் என்றதும் அப்பாவுக்கும் பிடித்துவிட்டது. அக்கா நாலு வழியையும் சொன்னார், அவர்கள் பாதிதான் கேட்டார்கள். "இங்கயே சேர்த்துடலாமே, எதுக்கு அலைச்சல்" என்றார் அப்பா. விண்ணப்பத்துக்குக் கைகூட நீட்டிவிட்டார். அலமாரிக்குள் தலையை விட்டபடி நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அதுவரை பேசாமல் குண்டூசிகளைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் வாயைத் திறந்தாள். "ஆறாவதுல எத்தனை பேர் இருக்காங்க?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"நீ ஒருத்திதாம்மா" என்றார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. பிறகு அக்கா அந்தக் கயிற்றுக் கதையைச் சொன்னார். கணுக்கால் பிசகியதையும் விடாமல் சொன்னார். பெண் சிரிக்கவில்லை. அம்மா அமைதியைப் பற்றி மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. "டவுன் பஸ்ஸும் லேசு இல்லம்மா. உடம்பு படுத்திடும். திங்கட்கிழமை ஏறிப் பார்த்துட்டு வாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

திங்கட்கிழமை சாயங்காலம் நான் பஸ் டிரைவரைப் பிடித்து விசாரித்தேன். அந்தப் பெண் இரண்டு முறை வாந்தி எடுத்தாளாம். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஒரு குழந்தை வாந்தி எடுத்ததற்காக மகிழ்ந்த முதல் வாத்தியார் நானாகத்தான் இருப்பேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் குடும்பம் ஜன்னலுக்கு வந்தது. அம்மாவின் முகம் வாடியிருந்தது. "இது கஷ்டம், இங்கயே சேர்ந்துடுன்னு நாங்க சொல்றோம். இவ கேக்க மாட்டேங்கறா" என்றார்.

"ஏம்மா?" என்றார் அக்கா.

"பின் சீட்டுல ரெண்டு அக்காங்க இருந்தாங்க. நான் வாந்தி எடுத்ததும் ஜன்னல் ஓரத்தை எனக்குக் கொடுத்துட்டாங்க. இனிமே தினமும் எனக்கு இடம் பிடிச்சு வைக்கறாங்களாம்." அந்தப் பெண் இதைச் சொல்லும்போது அவசரம் அவசரமாகச் சொன்னாள். "நான் போகலன்னா அவங்க காத்துக்கிட்டு இருப்பாங்க."

அக்கா டவுன் பள்ளி விண்ணப்பத்தை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார். வியாழக்கிழமை அதிகாரி வந்து எண்ணினார். எங்கள் வேண்டுகோளுக்கு இணங்க இரண்டு முறை எண்ணினார். இரண்டு முறையும் இருபத்தொன்பதுதான்.

ஏழு வீடுகளுக்கும் அக்கா நடந்தே போனார். இரண்டு வீட்டில் உட்காரச் சொன்னார்களாம். ஒரு வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்களாம். என் கடைசி நாளன்று வரைபடத்திலிருந்து ஏழு குண்டூசிகளைப் பிடுங்கி டவுன் இருக்கும் மூலையில் குத்திக்கொண்டிருந்தார். எட்டாவதாக ஒரு ஊசியையும் குத்தினார். "உங்க போன் நம்பர் அதேதானே சார்?" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.

வகுப்புகளோடு என்னையும் டவுன் பள்ளிக்கு மாற்றினார்கள். அதன் பிறகு என் வாழ்க்கை பஸ்ஸில் கழிகிறது. முன்பெல்லாம் மணி அடிக்க மூன்று நிமிஷம் இருக்கும்போது வீட்டைவிட்டுக் கிளம்புவேன். இப்போது ஆறு ஐம்பதுக்கு நிறுத்தத்தில் நிற்கவேண்டும். என் முதுகெலும்புக்கு ஒவ்வொரு பள்ளமும் தெரியும். அந்த ஏழு பையன்களில் நாலு பேர் வழியெல்லாம் தூங்குகிறார்கள், ஒருவன் படிப்பையே விட்டுவிடுவேன் என்று வீட்டில் மிரட்டிக்கொண்டிருக்கிறான். பின் சீட்டிலிருந்து மூன்று பெண்களின் பேச்சு ஒரு மணி பத்து நிமிஷமும் ஓயாது. என்னால் ஒரு பக்கம்கூடப் படிக்க முடிவதில்லை.

சரியாக ஒரு வருஷம் கழித்து, இடைவேளையில் டவுன் பள்ளி ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தபோது என் போன் அடித்தது.

"விசாரணை ஜன்னல்லேர்ந்து பேசறேன் சார். வருஷம் ஆச்சு."

"குடும்பங்களுக்குத்தானே போன் பண்ணுவீங்க?" என்றேன்.

"நீங்களும் இடம் மாறினவர்தானே. உங்களுக்கும் ஒரு பக்கம் போட்டிருக்கேன்."

வருஷம் பூராவும் இவருக்காக நான் மனசுக்குள் தயார் செய்து வைத்திருந்த வசனங்கள் இரண்டு பக்கம் வரும். ஆனால் வாயில் வேறு ஏதோ வந்தது. "அந்தப் பொண்ணு இந்தத் தடவை பதினாலாவது ரேங்க்" என்றேன்.

"பதினாலா!" அக்காவின் குரலில் அப்படி ஒரு மகிழ்ச்சி. "அப்ப அவளுக்கு முன்னாடியே பதிமூணு பேர் இருக்காங்களா சார்?"

"பின்னாடி இருபத்தெட்டுப் பேர் இருக்காங்க."

அவர் சிரித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லோரிடமும் கேட்பதை என்னிடமும் கேட்டார். "சொல்லுங்க சார். நான் தப்புப் பண்ணிட்டேனா?"

வெளியே மைதானம் இரைந்துகொண்டிருந்தது. எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை என்பது அந்தக் கேள்வியைக் கேட்டதும்தான் தெரிந்தது. அது நியாயமான கோபம் என்றும் தோன்றியது.

"எனக்கும் அந்த ஏழு பையன்களுக்கும் தப்புதான்க்கா. அந்தப் பொண்ணுக்குச் சரி."

அந்தப் பக்கம் நோட்டைப் புரட்டுவதும், நாற்காலியின் குட்டைக் கால் தரையில் தட்டுவதும் கேட்டன.

"ரெண்டையும் எழுதிக்கறேன் சார்" என்றார். "கொஞ்சம் மெதுவா சொல்லுங்க. முதல்ல தப்பைச் சொல்லுங்க."